எட்டு சிலிண்டருக்கு ஒரு கொள்ளிக்கண்ணு

மொதல்லயே சொல்லிப்போடறனுங்க, அந்த வண்டி என்ற பொச்செரிப்புலதான், என்னோட பொறாமையிலதான் ஓடுச்சு. பெட்ரோல்ல ஓடல, டீசல்ல ஓடல, கரும்பாலைச் சாராயத்துல ஓடல, வேற எந்த மகராசன் கண்டுபுடிச்ச எண்ணெயிலயும் ஓடல. கணபதிக்கும் ஆவாரம்பாளையத்துக்கும் நடுவால, லேத்துச் சத்தம் ஓயாத எங்க பட்டறை வீதியில, பட்டப்பகல்ல, டேங்க்கக் கழட்டிக் கீழ வெச்சிருந்த ஒரு எட்டு சிலிண்டர் மசில் காரு, நான் கண்ணெடுத்துப் பாத்த ஒடனே உறுமிச்சு. வெளியூர்க்காரங்ககிட்ட இதச் சொன்னா சிரிக்கறாங்க. எங்க வீதியில ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க, ஏன்னா அங்க பாதிப் பேரு அந்த வண்டிக்கு ஒருக்காலாவது எண்ணெயா இருந்தவங்கதான்.

என்ற பேரு குழந்தைவேலு. ரேஸ் வண்டிகளுக்கு இஞ்சின் வேலை பாக்கறவன். எனக்கு எதுத்தாப்புல பட்டறை போட்டிருக்கறவன் வஞ்சிமுத்து, என்ற சகலை. நானும் அவனும் ஒரே மேஸ்திரிகிட்ட ஸ்பேனர் புடிச்சு, ஒரே தட்டுல சோறு உண்டு, ஒரே ஊட்டுல அக்காவையும் தங்கச்சியையும் கட்டி, அக்கா வசந்தாமணி அவனுக்கு, தங்கச்சி கலாமணி எனக்குன்னு ஆகி, ஒரே வீதியில மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தமாதிரி ஷட்டரத் தூக்குனவங்க. ஒரம்பரை சொந்தக்காரங்க முன்னால 'வாங்க, போங்க'ம்போம், பட்டறைக்குள்ள வந்துட்டா 'டா'தான். எல்லாமே ஒண்ணுபோலத்தான், ஆனா ஊருக்கு மட்டும் ஒண்ணுபோலத் தெரியாது. நான் டைமிங்க லைட்டு வெச்சுப் பாத்து, அளவு வெச்சு அளந்து, அரை டிகிரி பெசகாம வெப்பேன். அவன் பானெட்டு மேல காத வெச்சுக் கண்ண மூடிட்டுத் திருப்புவான். ரெண்டு வண்டியும் ஒரே ஓட்டந்தான் ஓடும், ஆனா சனங்க அவன் கைதான் ராசிக்கைம்பாங்க. ராசி என்னங்க ராசி, நட்டு எந்தக் கை திருப்புனாலும் ஒரே பக்கந்தான் இறுகும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். எனக்குப் பொறுக்காதது ஒண்ணே ஒண்ணு, என்ற புள்ள சிந்துஜா. ஒத்தைக்கொரு புள்ள, இஞ்சினியரிங் முடிச்சவ, கோ-கார்ட் ரேஸ்ல ஆம்பளப் பசங்களப் பின்னாடி தள்ளிக் கப்பு வாங்குனவ, காத்தால எழுந்து குளிச்சு, அம்மா கையில இட்லி வாங்கித் தின்னுட்டு, என்ற பட்டறையத் தாண்டி, ரோட்டக் குறுக்கால கடந்து, அவன் பட்டறைக்குப் போவா. "பெரியப்பாகிட்டப் போயிட்டு வர்றேம்ப்பா"ன்னு போற போக்குல சொல்லுவா. கேட்டா, உங்ககிட்ட வந்தா கையில ஸ்பேனர் எடுத்த ஒடனே புடுங்கிக்கறீங்கம்பா. புடுங்காம என்ன பண்றது, தப்பாப் புடிச்சா புடுங்கித்தான காட்டோணும், எங்க மேஸ்திரி புடுங்குனதுமில்லாம மண்டையிலயும் போட்டாரு. அந்த வஞ்சி என்னடான்னா முழு இஞ்சினையும் அவகிட்டக் குடுத்துட்டு, பீடியப் பத்த வெச்சுட்டு, ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவான். அவனுக்குக் கொழந்தை இல்ல. ஊரெல்லாம் பாவம்பாங்க. என்ற புள்ளய நோகாமக் கூட்டிட்டுப் போறவன்கிட்ட எனக்கு ஒரு பாவமும் தெரியலீங்க.

அந்த வருசம் ஊருக்குத் தெக்கால இருக்கற ரேஸ் டிராக்குல புதுசா ஒரு போட்டி வெச்சாங்க. பெட்ரோல், டீசல் ரெண்டும் தொடக்கூடாது, வேற எத வேணா ஊத்திட்டு வாங்க, எவன் வேகமா வர்றானோ அவன்தான் ராசான்னாங்க. செயிக்கற டிரைவருக்குப் பெரிய டீம் ஒண்ணுல ஒரு சீசன் பூராவும் வண்டி ஓட்டற எடம், அதத்தான் சீட்டும்பாங்க. சிந்துஜா சின்ன வயசுல இருந்து கண்ட கனா அதுதான். பொட்டப்புள்ளைக்கு அந்தச் சீட்ட ஆரும் கூப்புட்டுக் குடுக்கப் போறதில்ல, இப்பத் தப்புச்சுன்னா அவ கம்பெனி வேலைக்குப் போயிக் கம்ப்யூட்டர் முன்னால உக்கார வேண்டியதுதான்.

நான் சும்மா இருப்பனா. கரும்பாலை எத்தனாலுக்கு ஒரு வண்டியத் தயார் பண்ணுனேன். எத்தனாலு லேசுப்பட்டதில்லீங்க, பெட்ரோல்னா இஞ்சின் தட்டிப்போடற அளவுக்குக் கம்ப்ரஷன ஏத்துனாலும் தாங்கும், குளுகுளுன்னு எரியும், ஆனா ஒண்ணு குடிக்கற எடத்துல ஒண்ணேகாலுக்கு மேல குடிக்கும், ரப்பர் ஓஸ அரிச்சுத் தின்னும், குளுருல லேசுல ஸ்டார்ட் ஆகாது. அதுக்காக இன்ஜெக்டரப் பெருசு பண்ணி, பம்ப்ப மாத்தி, ஓஸெல்லாம் மாத்தி, சீட்ட என்ற புள்ள ஒசரத்துக்கு அளந்து வெட்டி, ஸ்டியரிங்க அவ கைக்குத் தக்கன சின்னது பண்ணி, துணி போட்டு மூடி வெச்சேன். அவளக் கூப்புட்டுத் துணிய எடுத்துக் காட்டுனேன். அவ சுத்திச் சுத்திப் பாத்தா, தொட்டுப் பாத்தா, அருமையா இருக்குப்பான்னா, அப்பறம் தலையக் குனிஞ்சுட்டு, பெரியப்பாவுக்கு வாக்குக் குடுத்துட்டேம்ப்பான்னா.

வஞ்சியோட வண்டி எதுன்னா, ஏதோ ஒரு மில்லு மொதலாளி அந்தக் காலத்துல அமெரிக்காவுல இருந்து எறக்கி, பஞ்சு மூட்டைக்குப் பின்னால போட்டு மறந்துபோன மசில் காரு. ஆனக்குட்டி கணக்கா ஒடம்பு, எட்டு சிலிண்டர், எட்டும் எட்டு வாயி. அதுக்கு அவனும் அவளும் மெத்தனால ஊத்திப் பாத்தாங்க, புங்கெண்ணெயக் காச்சி ஊத்திப் பாத்தாங்க, சாண எரிவாயு கட்டிப் பாத்தாங்க, வண்டி இருமிச்சு, தும்மிச்சு, பொகை விட்டுச்சு, ஓடல. எனக்கு வாயெல்லாம் பல்லு. நல்லா வேணும்னு நெனச்சுட்டு, நாலு எகத்தாளம் பேசிட்டு வரலாம்னு வீதியக் கடந்து போனேன்.

போனா, வண்டி டேங்க்கக் கழட்டித் தரையில கவுத்து வெச்சிருக்குது. புள்ள பானெட்டு மேல உக்காந்து, டீக்கடை பன்னப் பிச்சு, பாதிய அவ வாயில போட்டுட்டு, பாதிய அவன் கையில குடுக்கறா. அவன் கையெல்லாம் கிரீஸு, அதனால அவளே அவன் வாயில வெக்கறா. அம்புட்டுத்தான் நான் பாத்தது. என்ற நெஞ்சுக்குள்ள என்னமோ கொதிச்சு மேல வந்துச்சு, அதே நேரத்துல அந்த இஞ்சின் ஆரும் சாவியத் தொடாம ஸ்டார்ட் ஆயி, பட்டறைத் தகரமெல்லாம் அதிர உறுமிச்சு. வஞ்சி, "அட, ஓடுது"ன்னு சொல்லிட்டு ஃபேன் பெல்ட்டத் தொட்டுப் பாத்தான். பக்கத்துப் பட்டறை வெல்டர் ராயப்பன் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு வந்து, எண்ணெய்க் குழாய்க்குள்ள வெரல வுட்டு, காஞ்சு கெடக்குதேன்னு சொல்லிப்போட்டு, வெரலத் தொடச்சுட்டு வேலையப் பாக்கப் போயிட்டான். டீக்கடைக் குட்டன் சத்தத்துல கண்ணாடி டம்ளரு விழுந்துரும்னு அதுகள உள்ள தள்ளி வெச்சான். நான் என்ற பட்டறைக்குத் திரும்புனேன், வண்டி நின்னுருச்சு.

கொஞ்ச நாளைக்கு அது ஏன் ஓடுது, ஏன் நிக்குதுன்னு ஆருக்கும் தெரியல, தெரிஞ்சுக்கற அவசரமும் ஆருக்கும் இல்ல. காத்துல ஓடுதுன்னாங்க, பஞ்சுக் குடோன்ல இருந்த பேயின்னாங்க. ஆயுத பூசை நோம்பி வந்துச்சு. எங்க வீதியில அன்னிக்கு லேத்துல இருந்து சுத்தியல் வரைக்கும் குளிச்சுப் பொட்டு வெச்சுக்கும். வஞ்சி பொண்டாட்டி வசந்தாமணி அந்த வண்டிக்கு என்ன பண்ணுனா தெரியுங்களா, ஊருக் கண்ணெல்லாம் பட்டிருக்கும்னு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, முன்னால கறுப்புக் கயித்துல பச்சமொளகாயும் படிகாரமும் கோத்துக் கட்டி, பூசணிக்காயில குங்குமம் கரச்சு ஊத்தி, மூணு சுத்துச் சுத்தி, நடு வீதியில போட்டு ஒடச்சா. எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்தச் சொன்னாங்க. வண்டி அசையல. அதுக்கப்பறம் தள்ளுனாலும் அசையல.

ஹெட்டப் பிரிச்சாங்க, வால்வத் தேச்சாங்க, எட்டு பிளக்கையும் மாத்துனாங்க, ஒரு கொறையும் இல்ல, உசிரும் இல்ல. நான் தெனமும் என்ற வாசல்ல நின்னுட்டு டீ குடிச்சுக்கிட்டே வேடிக்கை பாத்தேன். ஒரு நாளு சிந்துஜா சலிச்சுப்போயி, வாடிப்போன மொளகாயும் கயிறும் தொங்கறதப் பாத்துட்டு, இது என்னத்துக்கு இன்னும் குப்பையாட்டம்னு அத அறுத்து வீசுனா. "போகுது விடு அம்மணி, நீ பக்கத்துல இருக்கயே அது போதும் எனக்கு"ன்னு வஞ்சி அவ தலையத் தடவுனான். ஆத்தாடி, சைலன்சர்ல ஒரு மொழம் நெருப்பு வந்துச்சு பாருங்க, வீதிய அடச்ச சத்தம். புள்ள நிமுந்தா. வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாத்தா. அது நேரா என்னையப் பாத்துட்டு நின்னுச்சு.

"அப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க"ன்னா. திரும்புனேன். உறுமல் அடங்கிச்சு. "இப்ப இங்க பாருங்க"ன்னா. பாத்தேன். மறுபடியும் ஏறிச்சு.

வேற வீதியா இருந்திருந்தா கொள்ளிக்கண்ணன்னு சொல்லி என்னைய அடிச்சிருப்பாங்க. எங்களது பட்டறை வீதிங்க. சுத்தி நின்னவங்கள்ல ராயப்பன், இது என்ன மைலேஜ் குடுக்கும்னு கேட்டான்.

அதுக்கப்பறம் வீதிக்கே அதுதான் வேலை. வஞ்சி பட்டறை முன்னால ஒரு பெஞ்சு போட்டாங்க, ஒருத்தர் ஒருத்தரா வந்து உக்காந்து, வண்டியப் பாத்துட்டு, அவங்கவங்க மனசுல எரியறத நெனச்சுக்குவாங்க. குட்டனுக்கு முக்குல புதுசா வந்த கண்ணாடி போட்ட டீக்கடை மேல எரிச்சல், அது நல்லா ஸ்டார்ட் ஆகும், ஆனா இழுவை பத்தாது. ராயப்பனுக்குக் கனடாவுல இருக்கற அவங்க அண்ணன் மேல, அது பழைய எரிச்சல், சூடாகறதுக்கு நேரம் எடுத்தாலும் நின்னு இழுக்கும். வாத்தியாரு ஒருத்தரு வந்தாரு, தனக்கு ஆரு மேலயும் பொறாமையே கெடையாதுன்னு சொல்லிட்டே உக்காந்தாரு, வண்டி எதுலயும் இல்லாத கரும்பொகை கக்கிச்சு. ஒரம்பரை மேல வர்றதுதான் எல்லாத்துலயும் ஒசத்தி, எம்புட்டுக் கம்ப்ரஷன் ஏத்துனாலும் தட்டாம எரியும். தெரியாத பணக்காரன் மேல வர்றது வெறும் பொகை. சிந்துஜா இதுக்குத் தக்கன வால்வு டைமிங்க மாத்தி, காத்த அதிகம் பண்ணி, என்னென்னவோ செஞ்சா. பொறாமைக்குக் காத்து நெறைய வேணும்ப்பா, மூடி வெச்சா மக்கிப்போகுதுன்னு எனக்கே பாடம் எடுத்தா.

ஆனா ஒரு சிக்கலு வந்துச்சு. எரிச்சல வண்டி எரிச்சு முடிச்சிருச்சுன்னா, குடுத்தவனுக்கு அது திரும்பி வரல. ராயப்பன் வேலைய அப்படியே போட்டுட்டு அண்ணனுக்குப் போனப் போட்டு, அங்க குளுரெல்லாம் எப்படிண்ணா, ஸ்வெட்டர் இருக்குதான்னு கேட்டான். குட்டன் முக்குக் கடையிலயே போயி டீ குடிச்சுட்டு நல்லா இருக்குன்னான். கொழுந்தியா நகைய, பங்காளி ஊட்ட, பக்கத்துப் பட்டறைக் கூட்டத்தப் பாத்துப் பாத்து வெந்தவங்கெல்லாம் வெந்தது தீந்து, சோறு உண்டு, தூங்கி எழுந்து, பொழுதன்னைக்கும் சிரிச்ச மூஞ்சியா திரிஞ்சாங்க. எங்க வீதியே கோயிலாட்டம் ஆயிப்போச்சு, டீக்கடையில பேச ஒரு விசயம் கெடையாது. வண்டிக்குக் குடுக்க ஆருகிட்டயும் சொட்டு மிச்சம் இல்ல.

என்னைய ஒருத்தனத் தவிர. எனக்குத்தான் தெனமும் சாயங்காலம் ஊறுதே. அவ சிரிச்சா ஊறுது, அவன்கூட ஸ்கூட்டர்ல போனா ஊறுது, ஊட்டுக்கு வந்து, "பெரியப்பா இன்னிக்கு என்ன சொன்னாரு தெரியுங்களா"ன்னு ஆரம்பிச்சா சோத்துத் தட்டுலயே ஊறுது. வீதி மொத்தமும் அந்த ஊத்த வத்தாமப் பாத்துக்கிச்சு. போறவன் வர்றவனெல்லாம், ஏனுங்ணா, உங்க புள்ளைக்கு அவரு ஹெல்மெட்டு வாங்கித் தந்தாராமான்னு கேப்பான். என்ற பொண்டாட்டி கலாமணிகூட, ரேஸ் முடியற வரைக்கும் உங்களுக்குப் புடிச்சதாச் சமைக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிருச்சுன்னு, வெறும் ரசத்த ஊத்துனா.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆங்காரம். என்ற எரிச்சல்ல அவன் செயிக்கறதா, அப்ப எரிச்சலே படாம இருந்து காட்டறேன்னு முடிவு பண்ணுனேன். மருதமலைக்குப் படியேறுனேன், முருகா எனக்கு அவன் மேல அன்பு குடுன்னு கும்புட்டேன், வஞ்சி எனக்குப் பண்ணுன நல்லதெல்லாம் வரிசையா நெனச்சேன், எனக்குக் காமாலை வந்தப்ப அவன் கீழாநெல்லிக்கு அலைஞ்சது, என்ற கல்யாணத்துக்கு அவன் பந்தியில எல எடுத்தது எல்லாம். நெத்தி நெறையத் திருநீறோட, மனசு குளுந்து, வீதியில வந்து நின்னு, சாந்தமாப் பாத்தேன். ஜாக்கி மேல இருந்த வண்டி துள்ளிக் கீழ விழுந்து, செவுத்துல போயி மோதி நின்னுச்சு. அவன் தோக்கோணும்னு நான் வெச்ச அன்பு, அது வரைக்கும் வந்ததுலயே பெரிய எரிச்சலா இருந்திருக்குது. அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன், இதுல இருந்து எனக்குத் தப்பிக்க வழி கெடையாதுன்னு.

ரேஸுக்கு முந்தின சாயங்காலம் புள்ள என்ற பட்டறைக்கு வந்தா. எத்தனால் வண்டி துணி மூடியேதான் நின்னுச்சு, அவ ஓட்டாத வண்டிய வேற எவனும் ஓட்ட வேண்டாம்னு நான் பேரே குடுக்கல. அவ அந்தத் துணி மேல கைய வெச்சுட்டு நின்னா.

"அப்பா, நாளைக்கு நீங்க வேலியோரம் நிக்கோணும்."

"எதுக்கு? அவன் செயிக்கறதுக்கா?"

"நான் செயிக்கறதுக்கு."

 போ, வர்றேன்னேன். என்ற புள்ளைக்குச் சீட்டு கெடைக்கோணும்னா நான் அவன் மேல எரிஞ்சே ஆகோணும், நான் எரிஞ்சா அவன் பேருதான் விளங்கும். ராத்திரி பூரா அத நெனச்சு நெனச்சே நல்லா ஊற வெச்சேன்.

டிராக்குல என்னென்ன வண்டிங்கறீங்க. ஹைட்ரஜன் சிலிண்டரு கட்டுனது, சமைச்ச எண்ணெய வடிகட்டி ஊத்துனது, தள்ளி நில்லுங்க தீப்புடிச்சா தீயே கண்ணுக்குத் தெரியாதுன்னு மெத்தனால் வண்டிக்காரங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எங்க வண்டியச் சோதிக்க வந்த ஆபீசரு டேங்க்கத் தொறந்து பாத்துட்டு, எதுல ஓடுதுன்னாரு. வஞ்சி, கண்ணுலங்கன்னான். அவரு விதிப் புஸ்தகத்தப் பொரட்டிப் பாத்துட்டு, பெட்ரோலும் டீசலும்தான கூடாது, கண்ணு கூடாதுன்னு விதியில இல்லையேன்னு வுட்டுட்டாரு. எங்க வீதியே வந்து நின்னுச்சு, ஒருத்தராலயும் புண்ணியமில்ல, எல்லாரும் எதிரி வண்டிக்கும் சேத்துக் கைதட்டிட்டு இருந்தாங்க. வேலியோரம் நானும் வஞ்சியும் தோளோட தோளா நின்னோம்.

ஆரம்பத்துல ஒரு கவலையும் இல்ல. வண்டிக் கதவுல பெருசா 'வஞ்சி ரேசிங்'னு எழுதியிருந்துச்சு, அவ கையாலயே எழுதுனது. அத ஒருக்காப் பாத்தேன், போதும். கொடி ஆடுன ஒடனே வண்டி எல்லாத்தையும் தாண்டி மொதல்ல போச்சு. ஒவ்வொரு சுத்துக்கும் அந்தக் கதவு என்னையக் கடக்கும், ஒவ்வொருக்காலும் எனக்குப் பத்திக்கிட்டு வரும், வண்டி அப்படியே எகிறும். வஞ்சி என்ற பக்கம் திரும்பி, நல்லா எரியறடாங்கறாப்புல தலையாட்டுனான்.

கடைசி ரெண்டு மூணு சுத்து வந்துச்சு. எங்களுக்கு நேரா ஒரு வளைவு, எல்லாரும் அங்க பயந்து பிரேக்க முன்னாலயே புடிக்கறாங்க. சிந்துஜா புடிக்கல. இன்னும் வுட்டா, இன்னும் வுட்டா, எனக்குக் கண்ண மூடிக்கலாமான்னு ஆயிப்போச்சு, அப்பறம் ஒரே அமுக்கு, பின்பக்கம் லேசா வழுக்கி, அந்தப் பெரிய ஒடம்பு தண்ணிய வாரி விட்டாப்புல வளைவுல திரும்பி வெளிய வந்துச்சு. அத நான் சொல்லித் தரல. அவனும் சொல்லித் தரல. எங்க ரெண்டு பேருக்கும் அது தெரியாது. என்ற ஒடம்பெல்லாம் புல்லரிச்சு, நெஞ்சு பூரா ஒரே சந்தோசம், கண்ணுல தண்ணி முட்டிச்சு, கதவுல எழுதியிருந்த பேரு என்ற கண்ணுக்கே தெரியல, அவ மட்டுந்தான் தெரிஞ்சா.

வண்டி இருமிச்சு.

நேர் ரோட்டுல ஓடவேண்டிய வண்டி தளந்துபோச்சு. மெத்தனால் வண்டி தாண்டுச்சு, அதுக்குப் பின்னால ஹைட்ரஜன் வண்டி தாண்டுச்சு.  அந்தப் பன்ன நெனச்சேன், ராசிக்கைய நெனச்சேன், பெரியப்பா பெரியப்பான்னு அவ சொன்னதையெல்லாம் ஒண்ணு வுடாம நெனச்சேன், ஒண்ணும் பத்தல, ஈர வெறகாட்டம் கெடக்குது உள்ள.

வஞ்சி என்ற சட்டையப் புடிச்சான். "என்னடா பண்றே? எரிச்சல் படுடா."

"வரமாட்டீங்குதுடா"ன்னேன்.

அவன் மூஞ்சி செத்துப்போச்சு. வண்டி எங்களக் கடந்தப்ப ஹெல்மெட்டுக்குள்ள அவ எங்க பக்கம் பாத்தாப்புல இருந்துச்சு. அந்தச் சீட்டு கை வுட்டுப் போறத நான் கண்ணாலயே பாத்துட்டு நிக்கறேன், நான் சந்தோசப்பட்டதாலயே போகுது. எனக்குப் பக்கத்துல ஆரோ ஒரு பெரிய மனுசன், கொடை புடிச்சுட்டு நின்னவரு, எங்க பாடு எதுவும் தெரியாதவரு, குனிஞ்சு கேட்டாரு, "ஏனுங்க, அந்த வளைவுல அப்படித் திரும்புச்சே ஒரு பொண்ணு, அது ஆரு ஊட்டுப் புள்ளைங்க?"

நான் யோசிக்கக்கூட இல்ல. "என்ற புள்ளைங்க"ன்னேன்.

அவரு கொடையக் கீழ போட்டுட்டு என்ற ரெண்டு கையையும் புடிச்சு, குடுத்து வெச்ச மனுசனுங்க நீங்கன்னாரு.

அப்பக் கேட்டுச்சுங்க அந்தச் சத்தம். நான் அந்த இஞ்சின்கிட்ட இருந்து ஒரு நாளும் வாங்காத சத்தம், எட்டு சிலிண்டரும் ஒரே தொண்டையாக் கத்துன சத்தம், சைலன்சர் ரெண்டுலயும் ஆளொசரம் தீ. ஹைட்ரஜன் வண்டி கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பின்னால போயிருச்சு. எனக்கு எரிச்சல் வந்துருச்சோன்னு உள்ள தேடிப் பாத்தேன், ஒரு பொறிகூட இல்ல. திரும்பிப் பாத்தேன். வஞ்சி டிராக்கப் பாக்கல. அவன் என்ற கையத்தான் பாத்துட்டு இருந்தான், அந்தப் பெரியவரு புடிச்சிருந்த கைய. கண்ணு ரெண்டும் சிவந்து கெடந்துச்சு, வண்டியப் பாக்காமயே அவன் எரிச்சலு வண்டியப் பத்த வெச்சிருக்குது. இத்தன வருசமா அவளத் தூக்கி வெச்சிருந்தான், இஞ்சினக் குடுத்தான், அவன் பேர அவ எழுதுனா, ஊரே அவன் வளத்த புள்ளைம்பாங்க, ஆனா ஆரு ஊட்டுப் புள்ளைன்னு ஒருத்தன் கேட்டா அவனால வாயத் தொறக்க முடியாது. சாயங்காலமானா அவ ரோட்டக் கடந்து என்ற ஊட்டுக்கு வந்துருவா, அவன் ஷட்டர எறக்கிட்டுப் போவான். நான் அத ஒரு நாளும் நெனச்சுப் பாத்ததில்ல, எரியறது நான் ஒருத்தன்தான்னு இருந்துட்டேன்.

நான் பாக்கறத அவன் பாத்துட்டான். வெக்கப்பட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், எரிச்சல் வரக்கூடாதுன்னு பல்லக் கடிச்சான். ஒடனே அக்கட்டால, டிராக்குல, வண்டிச் சத்தம் எறங்க ஆரம்பிச்சுது. முன்னால அந்த மெத்தனால் வண்டி இன்னும் போயிட்டிருக்குது, கடைசிச் சுத்து.

அவனுக்குக் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு. அவன் என்ற பக்கமாத் திரும்பி, என்ற கைய இறுக்கிப் புடிச்சான்.

"இன்னொருக்காச் சொல்லுடா."

"என்னத்தடா?"

"அதையேதான். சத்தமாச் சொல்லு."

சொன்னேனுங்க. அந்தப் பெரியவருகிட்டச் சொன்னேன், பின்னால நின்னவங்ககிட்டச் சொன்னேன், ஐஸ் விக்கறவன்கிட்டச் சொன்னேன், வேலிக்கு அந்தப் பக்கம் கொடி புடிச்சவனக் கூப்புட்டுச் சொன்னேன், என்ற புள்ள, நான் பெத்த புள்ள, என்னைய உரிச்சு வெச்ச புள்ளைன்னு, ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் கண்ணு கலங்கக் கலங்கப் பாத்துட்டே சொன்னேன், ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் என்ற வெரலு நொறுங்கறாப்புலப் புடிச்சான், இன்னும், இன்னும்னு தலையாட்டுனான், வண்டி அக்கட்டால இழுத்துச்சு. மெத்தனால் வண்டிய அவ கோட்டுக்கு ஒரு வண்டி நீளம் இருக்கறப்பத் தாண்டுனா. மொதல்ல வந்தது சிந்துஜா.

கொடிய ஆட்டிட்டாங்க, எங்க வீதி எகிறிக் குதிக்குது, ஒலிபெருக்கியில அவ பேரச் சொல்றாங்க. வஞ்சி என்ற கைய வுடல, போதும்னும் சொல்லல. நானும் நிறுத்தல.